போர் முடிந்தது, சுங்கம் கைமாறவில்லை: குவாத்தமாலாவின் 'லா லீனியா' வழக்கு

துறைமுகத்தில் கன்டெய்னர் வந்து நிற்கிறது. உள்ளே துணி இருக்கலாம், செருப்பு இருக்கலாம், கார் உதிரிபாகம் இருக்கலாம். முழு வரி கட்டி எடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு செல்பேசி எண்ணைக் கூப்பிடலாம். மறுமுனையில் இருப்பவர் சரக்கு என்ன, எவ்வளவு, எந்தத் துறைமுகம் என்று கேட்டுக்கொள்வார். கணக்கில் எவ்வளவு காட்டுவது, அரசுக்கு எவ்வளவு, 'எங்களுக்கு' எவ்வளவு என்று பேரம் படியும். அப்புறம் சுங்க ஆய்வாளர் வருவார், கன்டெய்னரைத் திறந்து பார்ப்பார், ஏற்கெனவே பேசி முடித்த கணக்கையே தாளில் எழுதிவிட்டுப் போவார்.

2014இல் குவாத்தமாலாவின் இறக்குமதி வியாபாரிகள் பலரிடம் அந்த எண் இருந்தது. அந்த எண்ணை வைத்துத்தான் கும்பலுக்கே பெயர் வந்தது: லா லீனியா. ஸ்பானிய மொழியில் 'லைன்' என்று பொருள். 'அவர் லைனில் இருக்கிறார்' என்கிறோமே, அதே லைன்.

2015 ஏப்ரல் 16 அன்று கும்பல் பிடிபட்டது. மே மாதம் துணை அதிபர் பதவி விலகினார். செப்டம்பர் தொடக்கத்தில் அதிபரே பதவி விலகி, அடுத்த நாள் நீதிமன்றக் காவலுக்குப் போனார். உலகப் பத்திரிகைகள் இதை ஒரு பெரிய ஊழல் செய்தியாக எழுதின. அது சரிதான். ஆனால் இந்த வழக்கின் நூலைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால், அது 1970களின் உள்நாட்டுப் போருக்குள் போய் நிற்கிறது. இது ஊழல் கதை என்பதைவிட, ஒரு போர் எப்படித் தொழிலாக மாறியது என்ற கதை. எனக்கு இது முக்கியமாகப் படுவதும் அதனால்தான்.

உளவுக்காரர்கள் சுங்கத்துக்குள் வந்த விதம்

குவாத்தமாலாவில் ராணுவத்துக்கும் இடதுசாரிக் கெரில்லாக்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் 1960இல் தொடங்கி 1996இல் முடிந்தது. ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999இல் தந்த கணக்கின்படி, 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா பழங்குடியினர். ஆவணப்படுத்தப்பட்ட கொடுமைகளில் 93 விழுக்காட்டுக்கு அரசுப் படைகளும் அவற்றுக்குத் துணைநின்ற ஆயுதக் குழுக்களுமே பொறுப்பு என்றது அந்த அறிக்கை.

கெரில்லாக்களைவிட ராணுவம் பல மடங்கு வலுவாக இருந்த போர் அது. அதில் உண்மையான அதிகார மையம் போர்க்களத்தில் இல்லை, உளவுத்துறையில் இருந்தது. யார் எங்கே போகிறார், யார் யாரோடு பேசுகிறார், எந்த வண்டியில் என்ன வருகிறது என்று எல்லாம் தெரிந்த ஓர் அமைப்பு. கெரில்லாக்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வராமல் தடுக்க வேண்டுமானால் எல்லைச் சோதனையும் துறைமுகமும் கையில் இருக்க வேண்டும். எனவே உளவுத்துறை ஆட்கள் நிதி அமைச்சகத்துக்குள்ளும் சுங்கத்துக்குள்ளும் அமர்த்தப்பட்டார்கள். போர்க்காலத்தில் இதைக் கேட்டால் யாருக்கும் தவறாகத் தோன்றாது.

ஆனால் சுங்கத்தில் உட்கார்ந்து ஆயுதம் தேடுபவனுக்கு, ஆயுதம் அல்லாத எல்லாமும் கண்ணில் படும். எந்தப் பெட்டியைத் திறப்பது, எதைத் திறக்காமல் விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரத்துக்கு ஒரு விலை உண்டு. அவன்மேல் கேள்வி கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கேட்டவர்களைக் காணாமல் போகச் செய்யும் துறை அது.

இப்படி உளவு வேலைக்காக நிதி அமைச்சகத்துக்குள் வந்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரெடோ மொரேனோ மொலினா. கடத்தலைத் தடுக்க வந்தவர், காலப்போக்கில் நாட்டின் மிகப் பெரிய சுங்கக் கடத்தல் வலையின் தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்டார். 1996 செப்டம்பரில், அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு மூன்று மாதம் முன்பு, அவர் கைது செய்யப்பட்டார். உயர் ராணுவ, காவல் அதிகாரிகள் சிலர் பதவி இழந்தார்கள். ஆனால் வலையின் மேல்மட்டத்தில் இருந்த தளபதிகள் யாரும் சிறைக்குப் போகவில்லை.

அந்த மேல்மட்டத்துக்கும் ஒரு பெயர் இருந்தது: லா கொஃப்ரதியா. மாயா கிராமங்களில் புனிதரின் திருவிழாவை எடுத்து நடத்தும் பக்தர் சபைக்கு அப்படிப் பெயர். நம் ஊர் மண்டகப்படிக்காரர்கள் மாதிரி. போர்க்காலத்தில் உளவுத்துறையில் ஒன்றாக வேலை பார்த்த அதிகாரிகளின் கூட்டத்துக்கு யாரோ குறும்பாகச் சூட்டிய பெயர் அது. ஒருவருக்கொருவர் பதவி வாங்கித் தந்து, ஒருவர் ரகசியத்தை மற்றவர் காத்து, ஓய்வு பெற்ற பிறகும் கலையாத சபை.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது

போருக்குப் பின் குற்றக் கும்பல்கள் பெருகுவதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் தருவார்கள். வேலையில்லாத சிப்பாய்கள், ஊரெங்கும் கிடக்கும் துப்பாக்கிகள், பலவீனமான காவல்துறை, விரக்தியில் இருக்கும் இளைஞர்கள்; இதெல்லாம் சேர்ந்து ஒரு வெற்றிடம் உருவாகிறது, அதில் கும்பல்கள் புகுந்துவிடுகின்றன என்பார்கள். குவாத்தமாலாவில் இவை அத்தனையும் உண்மையாகவே இருந்தன.

ஒப்பந்தப்படி ராணுவம் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது, பிற்பாடு இன்னும் குறைந்தது. 'காய்பில்' என்ற சிறப்புப் படையில் பயிற்சி பெற்ற சிலர் மெக்சிகோவின் 'செட்டாஸ்' போதைக் கும்பலில் சேர்ந்தார்கள். 2011 மே மாதம் வடக்கே பெத்தேன் மாகாணத்தில் லோஸ் கோக்கோஸ் என்ற பண்ணையில் 27 கூலித் தொழிலாளர்களைச் செட்டாஸ் வெட்டிக் கொன்றது. பண்ணை உரிமையாளர்மீது இருந்த கோபத்தை, அவரிடம் கூலிக்கு வந்தவர்கள்மீது தீர்த்துக்கொண்டார்கள். அந்த வழக்கில் கைதானவர்களில் முன்னாள் காய்பில் ஒருவரும் இருந்தார்.

இன்னொரு பக்கம் 'மாரா' கும்பல்கள். போருக்குப் பயந்து மத்திய அமெரிக்காவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே தெருக் கும்பல்களில் சேர்ந்தார்கள். 1990களில் அமெரிக்கா அவர்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பியது. தலைநகரில் பஸ் ஓட்டுநர்கள் அவர்களுக்கு மாமூல் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் ஸ்டீயரிங்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மத்திய அமெரிக்கா என்றாலே முகமெல்லாம் பச்சை குத்திய இளைஞர்களின் படம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. பயங்கரம்தான். ஆனால் அவர்கள் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருப்பவர்கள். மாடியில் இருப்பவர்கள் உடம்பில் பச்சை குத்திக்கொள்வதில்லை.

வெற்றிடக் கதை அந்த மாடிக்குப் பொருந்துவதில்லை. அங்கே இருந்தவர்கள் ஒருநாளும் வேலையில்லாமல் இருக்கவில்லை. அவர்கள் முதலீடு துப்பாக்கியும் இல்லை. யாருடைய கோப்பு எங்கே இருக்கிறது, எந்த நீதிபதிக்கு என்ன பலவீனம், எந்தக் கையெழுத்து இருந்தால் எந்தக் கதவு திறக்கும் என்ற அறிவுதான் முதலீடு. போர் அதை முப்பத்தாறு ஆண்டுகளாகச் சேர்த்துக் கொடுத்திருந்தது.

வியப்பு என்னவென்றால், பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. 1994 மார்ச்சில் கையெழுத்தான மனித உரிமை ஒப்பந்தத்தில், சட்டவிரோதப் பாதுகாப்புக் குழுக்களும் மறைமுக அமைப்புகளும் இருக்கக்கூடாது என்று தனியாகவே ஒரு வாக்குறுதி உண்டு. வியாதிக்குப் பெயர் எழுதியாயிற்று. மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. சுங்கக் கதைக்கு அதுதான் நேர்ச் சொந்தம். 2000ஆம் ஆண்டுக்குள் வரி வசூலை நாட்டு உற்பத்தியில் 12 விழுக்காடாக உயர்த்துவோம் என்று அரசு ஒப்புக்கொண்டது. போரில் அழிந்த கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை, புதிய காவல்துறை எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான் ஆதாரம். அதற்காகவே 1998இல் புதிய வரி ஆணையம் ஒன்றும் தொடங்கினார்கள். சொன்ன ஆண்டில் இலக்கை எட்டவில்லை. லத்தீன் அமெரிக்காவிலேயே மிகக் குறைவாக வரி வசூலிக்கும் நாடுகளில் ஒன்றாகக் குவாத்தமாலா தொடர்ந்தது. துறைமுகத்தில் கன்டெய்னருக்கு இரண்டு கணக்கு எழுதியவர்கள் அமைதி ஒப்பந்தத்தின் பட்ஜெட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கேப்டனின் சிறை வாழ்க்கை

ஒப்பந்தம் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1998 ஏப்ரல் 24 அன்று பிஷப் ஹுவான் ஹெரார்தி போர்க்கொடுமைகள் பற்றிய திருச்சபையின் அறிக்கையை வெளியிட்டார். 26ஆம் தேதி இரவு, தம் வீட்டுக் கார் கொட்டகையில், கான்கிரீட் துண்டால் முகம் சிதைக்கப்பட்டுச் செத்துக் கிடந்தார். 2001இல் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர், அவர் மகன் கேப்டன் பைரன் லீமா ஒலிவா, இன்னொரு ராணுவத்தார், ஒரு பாதிரியார் ஆகிய நால்வருக்குத் தண்டனை கிடைத்தது. கேப்டன் லீமா அதிபரின் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றியவர். உளவு வேலைகளுக்குப் பேர்போன அந்தப் பிரிவு 2003இல்தான் கலைக்கப்பட்டது.

இந்தக் கேப்டனைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வழக்கின் முக்கிய ஆள் இல்லை அவர். ஆனால் நான் சொல்ல வருவதை அவரைவிட நன்றாக விளக்குபவர் யாரும் இல்லை. தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர், சிறையை ஒழுங்குபடுத்தினார். ராணுவக் கட்டுப்பாடு, தையல் பட்டறை, கைதிகளுக்கு வேலை என்று வெளியே நல்ல பெயர். உள்ளே, எந்தக் கைதி எந்தச் சிறைக்கு மாற வேண்டும், யாருக்கு என்ன வசதி என்பதையெல்லாம் அவர் தீர்மானித்துக் காசு வாங்கினார் என்று 2014இல் புலனாய்வாளர்கள் குற்றம் சாட்டினார்கள். அந்த வழக்கில் நாட்டின் சிறைத்துறைத் தலைவரே கைதானார். யார் யாருடைய கைதி என்று கேட்கத் தோன்றும். இதற்கு ஒரு வருடம் முன்பே லீமா சிறைக்கு வெளியே காரில் சுற்றிக்கொண்டிருந்தபோது பிடிபட்டிருந்தார். 2016 ஜூலையில் பவோன் சிறைக்குள் நடந்த தாக்குதலில் அவரும் இன்னும் பத்துக்கு மேற்பட்டோரும் கொல்லப்பட்டார்கள்.

போரில் கற்ற வித்தைக்குச் சந்தை எங்கேயும் உண்டு, சிறைக்குள்ளும்.

2007 பிப்ரவரி: ஒரே வாரம்

மறைமுக அமைப்புகளை விசாரிக்க ஐ.நா. துணையோடு ஓர் ஆணையம் வேண்டும் என்று மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தன. முதல் வரைவை 2004இல் அரசியல் சாசன நீதிமன்றம் நிராகரித்தது. வெளிநாட்டார் வந்து வழக்கு நடத்துவதா என்பதுதான் சிக்கல். மாற்றி எழுதிய இரண்டாம் ஒப்பந்தம் 2006 டிசம்பரில் கையெழுத்தானது. நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். ஏற்கும் என்று யாரும் நம்பவில்லை. அப்போது கொலை வழக்குகளில் நூற்றுக்கு ஐந்துகூடத் தண்டனையில் முடியாத நிலை. 2006இல் வந்து பார்த்துவிட்டுப் போன ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், கொலை செய்ய ஏற்ற நாடு இது என்று கசப்பாகச் சொன்னார்.

2007 பிப்ரவரி 19. அண்டை நாடான எல் சல்வடோரிலிருந்து மத்திய அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டத்துக்காக வந்த மூன்று உறுப்பினர்களும் அவர்களின் ஓட்டுநரும் தலைநகருக்கு வெளியே காரோடு எரிக்கப்பட்டுக் கிடந்தார்கள். மூவரில் ஒருவர், எல் சல்வடோர் உள்நாட்டுப் போரின் கொலைப்படைகளோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ரொபெர்த்தோ தாபுய்சோனின் மகன்.

விசாரணை ஆச்சரியமான வேகத்தில் நடந்தது. காரணம், கொலைகாரர்கள் வந்தது போலீஸ் வண்டியில். அதில் ஜிபிஎஸ் இருந்தது. நான்கு போலீஸ்காரர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவர் காவல்துறையின் பிரிவு ஒன்றுக்குத் தலைவர். எந்தப் பிரிவு என்றால், திட்டமிட்ட குற்றங்களை ஒழிக்கும் பிரிவு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நால்வரும் எல் போகெரோன் என்ற பாதுகாப்பு மிகுந்த சிறையில் அடைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 25 அன்று அந்தச் சிறைக்குள்ளேயே நால்வரும் கொல்லப்பட்டார்கள். ஆயுதத்தோடு ஆட்கள் வெளியிலிருந்து உள்ளே வந்து போனார்கள் என்றார்கள் மற்ற கைதிகள்.

இதற்கு மேல் மறைக்க எதுவும் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது. 'சிசிக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆணையம் பிறந்தது. அதன் வடிவம் புதுமையானது. தலைவரை நியமிப்பது ஐ.நா. பொதுச்செயலாளர். பணம் வெளிநாடுகளின் நன்கொடை. ஆனால் சட்டம் குவாத்தமாலாச் சட்டம், நீதிமன்றம் குவாத்தமாலா நீதிமன்றம். தனியாக வழக்குப் போட அதிகாரம் இல்லை. உள்நாட்டு அரசு வழக்கறிஞர்களின் பக்கத்தில் உட்கார்ந்துதான் நடத்த முடியும். இது பலவீனம் என்று அப்போது சொன்னார்கள். என் பார்வையில் அதுவே அதன் பலம். வெளிநாட்டு நிபுணர் கிளம்பிப் போனாலும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்ற ஐம்பது உள்ளூர் வழக்கறிஞர்கள் இருப்பார்கள். (அந்த ஐம்பது பேருக்கு என்ன ஆனது என்பது பின்னால்.)

தொலைபேசி ஒட்டுக்கேட்பு முறையாக நடக்கத் தொடங்கியது, அப்ரூவர் முறை வலுப்பெற்றது, மிரட்டலுக்கு ஆளாகும் வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றங்கள் வந்தன. இந்த மூன்றும் இல்லாமல் லா லீனியா வழக்கே இல்லை.

லைனில் யார்?

2013இல் கொலம்பியாவைச் சேர்ந்த இவான் வெலாஸ்கெஸ் ஆணையத்தின் மூன்றாவது தலைவராக வந்தார். தன் நாட்டில் அரசியல்வாதிகளுக்கும் துணை ராணுவக் குழுக்களுக்கும் இருந்த உறவை விசாரித்தவர். அதிகம் பேசாத மனிதர். மறு ஆண்டு சுங்கக் கடத்தல் விசாரணை தொடங்கியது. கேட்கக் கேட்க, வலை இரண்டு அடுக்காகத் தெரிந்தது. உள்ளே சுங்க ஆய்வாளர்கள், நிர்வாகிகள், வரி ஆணையத்தின் உயர் அதிகாரிகள். வெளியே பேரம் பேசுபவர்கள், பணம் வாங்குபவர்கள், வியாபாரிகளை அழைத்து வருபவர்கள். யாரை எந்தத் துறைமுகத்தில் போடுவது என்பதுவரை வெளி அடுக்கு தீர்மானித்தது.

அந்த வெளி அடுக்கில் 'லெப்டினன்ட் ஹெரெஸ்' என்ற பட்டப்பெயரில் ஒருவர் இருந்தார். அதே ஆளின் பெயர் இருபது ஆண்டுகளுக்கு முன் மொரேனோ வலை வழக்கிலும் அடிபட்டிருந்தது. இடையில் அமைதி வந்தது, ஆட்சிகள் மாறின, வரித்துறைக்குப் பெயரே மாறியது. ஆள் மாறவில்லை.

ஒட்டுக்கேட்ட பேச்சுகளில் அடிக்கடி 'ஒன்று', 'இரண்டு' என்று இருவர் குறிப்பிடப்பட்டார்கள். ஏப்ரலில் கைது நடந்தபோது வலையின் தலைவர் என்று அறிவிக்கப்பட்டவர் துணை அதிபர் ரொக்ஸானா பால்டெட்டியின் அந்தரங்கச் செயலாளர் ஹுவான் கார்லோஸ் மொன்சோன். அன்று அவர் துணை அதிபரோடு சியோலில் இருந்தார். பால்டெட்டி அங்கே கௌரவ டாக்டர் பட்டம் வாங்கப் போயிருந்தார். மொன்சோன் அங்கிருந்து மறைந்தார். சில மாதம் தலைமறைவாக இருந்து, அக்டோபரில் சரணடைந்து, அப்ரூவர் ஆனார்.

பால்டெட்டியைப் பற்றி மக்களுக்கு ஏற்கெனவே எரிச்சல் இருந்தது. அழுகிப் போயிருந்த அமாதித்லான் ஏரியைச் சுத்தம் செய்ய ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அற்புதத் திரவத்தை அவர் அறிமுகம் செய்தார். சோதித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். 'மந்திரத் தண்ணீர்' என்று ஊரே கேலி செய்தது. இந்த ஏரி வழக்கில் 2018இல் அவருக்குப் பதினைந்தரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

ஏப்ரல் 25, சனிக்கிழமை. தலைநகரின் அரசியல் சாசனச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கட்சிக் கொடி இல்லை, மேடை இல்லை. அடுத்த சனிக்கிழமையும் கூடினார்கள், அதற்கடுத்த சனிக்கிழமையும். மே 8 அன்று பால்டெட்டி விலகினார். ஆகஸ்ட் 21 அன்று அவரைக் கைது செய்த புலனாய்வாளர்கள், 'ஒன்று' என்பது அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினாவே என்று அறிவித்தார்கள்.

யார் இந்தப் பெரெஸ் மொலினா? ஓய்வு பெற்ற ஜெனரல். 1980களின் தொடக்கத்தில் மாயா மக்கள்மீது மிகக் கொடூரமான தாக்குதல் நடந்த இஷில் பகுதியில் பணியாற்றியவர். பிறகு ராணுவ உளவுத்துறைத் தலைவர். 1996இல் ராணுவத்தின் சார்பில் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 'இரும்புக் கரம்' என்ற முழக்கத்தோடு, குற்றங்களை ஒழிப்பேன் என்று சொல்லி 2011இல் தேர்தலில் வென்றவர். அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது தேசிய அரண்மனையில். 2015இல் அவரைப் போகச் சொல்லி மக்கள் கூடிய சதுக்கம் அதே அரண்மனையின் வாசலில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 27 அன்று நாடே கடையடைத்தது. செப்டம்பர் 1 அன்று நாடாளுமன்றம் 132 ஓட்டில், எதிர் ஓட்டே இல்லாமல், அவருடைய சட்டப் பாதுகாப்பை நீக்கியது. மறுநாள் நள்ளிரவு நெருங்கும்போது அவர் பதவி விலகினார். நீதிபதி மிகெல் ஆங்கெல் கால்வெஸ் முன் உட்கார்ந்து, தன்னைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகளை மணிக்கணக்கில் கேட்டார். அங்கிருந்து மத்தமோரோஸ் படைமுகாமில் உள்ள சிறைக்கு அனுப்பப்பட்டார். முன்னாள் ஜெனரலுக்கு முகாம் புதிதில்லை.

எங்கே தடுக்கி விழுந்தது

இதே பாதையில் போன நாடுகள் வேறும் உண்டு. செர்பியாவில் மிலோசெவிச் ஆட்சியின் சிறப்புக் காவல் படையும் ஸெமுன் என்ற குற்றக் கும்பலும் ஒன்றாகக் கலந்து, 2003 மார்ச்சில் பிரதமர் ஸோரன் ஜின்ஜிச்சைச் சுட்டுக் கொன்றன. கொலைத் திட்டத்தை வகுத்தவர் அந்தப் படையின் முன்னாள் தளபதி. அங்கே அரசு அவசரநிலை அறிவித்து, பல்லாயிரம் பேரைப் பிடித்து, படையையே கலைத்தது. குவாத்தமாலாவில் அப்படி ஒரு வெட்டு விழவில்லை. நீதிமன்றம் வழியாக, ஒரு வழக்கு, இன்னொரு வழக்கு என்று மெல்லத்தான் போனார்கள். அதனால் பலன் இல்லாமல் இல்லை. 2009இல் லட்சம் பேருக்கு 46 என்று இருந்த கொலை விகிதம் 2018இல் அதில் பாதியாகக் குறைந்தது. இதற்கு ஆணையம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொலை செய்தால் பிடிபடலாம் என்ற எண்ணம் ஒரு நாட்டில் புதிதாக வருவது சின்ன விஷயமில்லை.

2015 அக்டோபரில் அதிபர் தேர்தலில் வென்றவர் ஜிம்மி மொராலெஸ், தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர். 'ஊழல்வாதியும் இல்லை, திருடனும் இல்லை' என்பது அவர் முழக்கம். சதுக்கத்தில் நின்றவர்கள் பலர் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். அவருக்கு இடம் கொடுத்த கட்சியைத் தொடங்கியவர்கள் யார் என்பதை அவ்வளவாக யாரும் யோசிக்கவில்லை. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள்.

ஆணையம் அவருடைய அண்ணனையும் மகனையும் போலி ரசீது வழக்கில் விசாரித்தது (இருவரும் பின்னர் விடுதலையானார்கள்). அது ஒரு கோபம். என் கணிப்பில் அதைவிடப் பெரிய திருப்பம், ஆணையம் தேர்தல் நிதியைத் தொட்டதுதான். நாட்டின் பெருவணிகக் குடும்பங்கள் 2015இல் சதுக்கத்தின் பக்கம் நின்றன. சுங்கத்தில் திருடும் ஜெனரலை வெறுப்பது அவர்களுக்கு எளிது. ஆனால் மொராலெஸ் கட்சிக்குக் கணக்கில் வராத பணம் கொடுத்தது யார் என்ற கேள்வி வந்ததும், 2018இல் முன்னணித் தொழிலதிபர்கள் சிலர் பொதுவில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அத்தோடு அந்த நட்பு முறிந்தது. கும்பலின் ஒரு முனையில் லஞ்சம் வாங்குபவன் இருந்தால் மறுமுனையில் அந்த எண்ணைக் கூப்பிட்டவனும் இருக்கிறான் அல்லவா?

2018 ஆகஸ்ட் 31 அன்று, சீருடை அணிந்த ராணுவ, காவல் அதிகாரிகள் பல டஜன் பேர் பின்னால் நிற்க, ஆணையத்தின் காலத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று மொராலெஸ் அறிவித்தார். அதே காலையில் ஆணைய அலுவலகத்தின் முன் ஆயுதம் பூட்டிய ராணுவ ஜீப்புகள் வந்து நின்றன. போதைக் கடத்தலைத் தடுக்க அமெரிக்கா தந்த ஜீப்புகள் அவை. வெளிநாடு போயிருந்த வெலாஸ்கெஸ் திரும்பி வரத் தடை விதிக்கப்பட்டது. 2019 செப்டம்பர் 3 அன்று ஆணையம் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் 120க்கு மேற்பட்ட வழக்குகள், 70க்கு மேற்பட்ட குற்ற வலைகள், 400க்கு மேற்பட்ட தண்டனைகள்.

சரி, அந்த உள்ளூர் வழக்கறிஞர்கள்? 2014 முதல் 2018 வரை தலைமை அரசு வழக்கறிஞராக இருந்து லா லீனியாவை நடத்திய தெல்மா ஆல்தானா அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தார். ஆணையத்தோடு சேர்ந்து இயங்கிய சிறப்புப் பிரிவின் தலைவர் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ சாண்டோவல் 2021 ஜூலையில் புதிய தலைமை வழக்கறிஞர் கொன்சுவேலோ போராஸால் நீக்கப்பட்டு, அன்றிரவே தரைவழியாக எல்லை தாண்டினார். நீதிபதி எரிக்கா ஐஃபான் 2022 மார்ச்சில் நாட்டைவிட்டு வெளியேறினார். சாண்டோவலின் பிரிவில் வேலை பார்த்த இளைய வழக்கறிஞர்களில் சிலர் கைதாகிச் சிறையில் இருந்தார்கள், பலர் வெளிநாட்டில்.

பெரெஸ் மொலினாவை விசாரணைக்கு அனுப்பிய நீதிபதி கால்வெஸ், 2022 நவம்பரில் வெளிநாட்டிலிருந்தபடியே பதவி விலகல் கடிதம் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 7 அன்று, லா லீனியா வழக்கில் தீர்ப்பு வந்தது: பெரெஸ் மொலினாவுக்கும் பால்டெட்டிக்கும் தலா 16 ஆண்டு.

2024 ஜனவரி 4 அன்று பெரெஸ் மொலினா ஒரு கோடி கெட்சாலுக்கு (குவாத்தமாலா நாணயம்) மேல் பிணைத்தொகை கட்டி ஜாமீனில் வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்து, 2015 சதுக்கத்தில் பிறந்த கட்சியின் பெர்னார்தோ அரேவலோ நள்ளிரவு தாண்டி அதிபராகப் பதவியேற்றார். தலைமை அரசு வழக்கறிஞர் நாற்காலியில் அப்போதும் போராஸ்தான் இருந்தார். கால்வெஸ் நாடு திரும்பவில்லை.